மானைத் தாண்டிப் போகும் தோட்டா

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வடகரையில் கைபாப் என்றொரு பீடபூமி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அங்கே மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். சுட்டு வீழ்த்திய மானை வேட்டைக்காரர் விழுந்த இடத்திலேயே மல்லாத்திப் போட்டு வயிற்றைக் கீறுவார். குடல், இரைப்பை, நுரையீரல் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடுவார். இறைச்சி கெடாமல் இருக்க உடம்பின் சூட்டைச் சீக்கிரம் இறக்க வேண்டும். தவிர, முழு மானை வண்டி வரைக்கும் தூக்கிச் செல்வது லேசுப்பட்ட காரியமில்லை. வேலை முடிந்ததும் மானை இழுத்துக்கொண்டு அவர் போய்விடுவார். புல்லின் மேல் ஆவி பறக்க ஒரு குடல் குவியல் கிடக்கும்.

அந்தக் குவியலுக்கு முதலில் அண்டங்காக்கைகள் வரும். காக்கைகள் கூடுவதை மேலிருந்து பார்த்துவிட்டு, சிறகை அசைக்காமலே மிதந்து இறங்கும் ஒரு கரிய பறவை. விரித்த சிறகின் அகலம் ஒன்பதரை அடி. முடியில்லாத செம்மஞ்சள் தலை. சிறகின் அடியில் வெள்ளை முக்கோணம். கலிபோர்னியா காண்டோர். வட அமெரிக்காவில் நிலத்தில் வாழும் பறவைகளில் இதைவிடப் பெரியது கிடையாது. தலையை மானின் நுரையீரலுக்குள் விட்டு இழுத்துத் தின்னும். அந்த நுரையீரல் வழியாகத்தான் குண்டு போயிருக்கிறது.

நானும் நெடுநாள் நினைத்திருந்தேன், துப்பாக்கிக் குண்டென்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ஒற்றைத் துண்டு என்று. வேட்டைக்கு வைத்திருக்கும் ஈயக்குண்டு அப்படி நடந்துகொள்வதில்லை. அது ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்து சதையில் மோதுகிறது. ஈயம் மென்மையான உலோகம், நகத்தால் கீறினாலே கோடு விழும். மோதிய கணத்தில் குண்டின் முனை காளான் குடைபோல விரிகிறது. விரியத்தான் வேண்டும், விரிந்தால்தான் மான் துடிக்காமல் உடனே சாகும். ஆனால் விரியும்போதே ஓரங்கள் பொடிந்து உதிர்ந்துவிடுகின்றன. சில துணுக்குகள் மிளகளவு, சில கடுகளவு, பெரும்பாலானவை ரவையைவிடச் சிறியவை. குண்டு போன தடத்திலிருந்து விலகிய சதையிலும் அவை சிதறிக் கிடக்கும். கத்திக்குத் தட்டுப்படாது, விரலுக்கும் நெருடாது.

கண்ணுக்குத் தெரிய வைத்தது எக்ஸ்ரே. வேட்டைக்காரர்கள் சுட்ட 38 மான்களின் உடல்களையும் மிச்சங்களையும் ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. ஈயக்குண்டால் இறந்த மான்களின் உடல்கள் எல்லாவற்றிலும் உலோகத் துணுக்குகள் இருந்தன. நாலில் மூன்றில் நூற்றுக்கு மேல் எண்ண முடிந்தது. காட்டிலேயே விட்டுவந்த குடல் குவியல்கள் இருபதைப் படமெடுத்தபோது பதினெட்டில் துணுக்குகள். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அவை மறக்காது. விலா எலும்புகளின் சாம்பல் நிழலுக்கு மேல், யாரோ ஒரு கைப்பிடி வெள்ளை மணலை வீசியதுபோல இருக்கும். அதே ஆய்வில் செம்புக் குண்டால் சுட்ட நான்கு மான்களும் இருந்தன. நான்கையும் சேர்த்து மொத்தம் ஆறு துணுக்குகள். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இந்த ஆறாக இருக்கட்டும்.

இங்கே ஒரு சொல் விளக்கம். ஈயம் என்றதும் நமக்குப் பாட்டி வீட்டு ஈயச்சொம்பும் அதில் கொதித்த ரசமும் நினைவுக்கு வரும். அந்தச் சொம்பு வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும் அதைத்தான். நான் பேசுவது காரீயம். நம் முன்னோர் ஒரே பெயரின் கீழ் கறுப்பு, வெள்ளை என்று பிரித்து வைத்த இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். உடம்புக்குள் போனபின் இரண்டும் செய்யும் காரியத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

காரீயத்துக்கு உயிர் உடம்பில் எந்த வேலையும் கிடையாது. ஆனால் பிறர் வேடத்தில் உள்ளே நுழைய அதற்குத் தெரியும். கால்சியம் போக வேண்டிய இடத்துக்குக் கால்சியம்போலவும், துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் துத்தநாகம்போலவும் போய் உட்கார்ந்துவிடும். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளைத் தயாரிக்க ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதிக்குள் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு ஈயம் குந்திக்கொண்டால் தயாரிப்பு நின்றுபோகும், ரத்தசோகை வரும். நரம்புகளில் கால்சியம் நடத்த வேண்டிய செய்திப் பரிமாற்றம் குழம்பும். மிச்சம் எலும்பில் போய்ச் சேரும். எலும்பு என்பது ஈயத்துக்கு வங்கிக் கணக்கு. பின்னாளில் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்க வேண்டி வரும்போதெல்லாம் ஈயமும் சேர்ந்து ரத்தத்துக்குத் திரும்பும்.

காண்டோரின் வயிறு இந்த நஞ்சுக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது. அழுகிய பிணத்தைத் தின்று நோயில்லாமல் வாழ வேண்டுமானால் வயிற்றில் கடுமையான அமிலம் வேண்டும். பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு அது உண்டு, காண்டோரும் ஒரு பாறுதான். கிருமிகளைக் கொல்லும் அதே அமிலம் ஈயத்தைக் கரைக்கிறது. கற்கண்டைவிடச் சர்க்கரை சீக்கிரம் கரைவதுபோல, ஒரே துண்டாகக் கிடக்கும் குண்டைவிடப் பொடிந்த துணுக்குகள் விரைவாகக் கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு கடுகளவு போதும்.

அதன் பிறகு நடப்பதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். உணவுப் பாதையின் தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கின்றன. தின்ற இறைச்சி தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையிலேயே நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதில்லை. பறவை மேலும் தின்னும், அதுவும் அங்கேயே தேங்கும். தீனிப்பை நிறைந்து புடைத்திருக்க, உடம்பு பட்டினியால் வற்றிக்கொண்டே போகும். சிறகு தொங்கும். பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் இப்படிக் கிடந்து, வயிறு நிறையச் சோறோடு பட்டினியில் சாகும்.

ஒரு காண்டோர் அறுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆறு முதல் எட்டு வயதில்தான் இணை சேரத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை, ஒரே குஞ்சு. எலிபோலப் பெருகி இழப்பை ஈடுகட்டும் உயிரல்ல அது. வளர்ந்த பறவை ஒன்று போனால் பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பு போனதாக அர்த்தம். 1982இல் எண்ணியபோது உலகத்தில் மொத்தம் 22 காண்டோர்கள்தான் இருந்தன.

எஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்குவதா, காட்டிலேயே விட்டுக் காப்பாற்றுவதா என்று பெரிய சண்டை மூண்டது. கூண்டில் அடைபட்ட காண்டோர் காண்டோரே இல்லை, போவதானால் மரியாதையோடு போகட்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் வலியும் எனக்குப் புரிகிறது. 1984–85 குளிர்காலத்தில் மட்டும் காட்டிலிருந்த பறவைகளில் ஆறு காணாமல் போயின. 1986 ஜனவரியில் ஏசி-3 என்று குறியிட்ட இனப்பெருக்கப் பெண் பறவை ஒன்று ஈய நஞ்சால் செத்தது. விவாதம் அங்கே கிட்டத்தட்ட முடிந்துபோனது. 1987 ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு, கடைசிக் காட்டுப் பறவையான ஏசி-9 வலையில் விழுந்தது. அன்றைக்கு உலகத்தில் இருந்தவை 27. எல்லாம் சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் உயிரியல் பூங்காக்களின் கூண்டுகளில். வானத்தில் ஒன்றுகூட இல்லை.

அதன்பின் நடந்த உழைப்பை எத்தனை பாராட்டினாலும் தகும். முதல் முட்டையை எடுத்துவிட்டால் காண்டோர் இன்னொன்று இடும். அதைப் பயன்படுத்தி எடுத்த முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்தார்கள். பொரிந்த குஞ்சு மனிதர் முகத்தைப் பார்த்து வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, காண்டோர் தலை வடிவில் செய்த கைப்பாவையை மாட்டிக்கொண்டு அதன் அலகால் ஊட்டினார்கள். தாயின் தலைபோலவே சுருக்கம், நிறம், கண். திரைக்குப் பின்னால் நின்று ஒரு மனிதர் கையை மட்டும் நீட்டிப் பல மாதம் தாயாக இருந்தார். 1992இல் தெற்குக் கலிபோர்னியாவில் முதல் பறவைகளைத் திரும்ப விட்டார்கள். 1996இல் அரிசோனாவில். இன்றைக்கு மொத்தம் ஐந்நூற்றுக்கு மேல், அதில் முந்நூற்றுக்கு மேல் காட்டில் பறக்கின்றன.

எண்ணைப் பார்த்தால் கதை சுபம் என்று தோன்றும். ஆனால் இந்தப் பானையின் அடியில் ஓட்டை இருக்கிறது. மேலே ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகுகிறது. 1992 முதல் 2009 வரை காட்டில் இறந்தவற்றின் உடல்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். சாவுக்குக் காரணம் உறுதியாகத் தெரிந்த வளர்ந்த பறவைகள் பதினைந்து. அவற்றில் பத்து ஈயத்தால் செத்தவை.

ஏசி-8 என்ற பெண் பறவையின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்தது. 1986இல் பிடிபட்ட கடைசிப் பெண் பறவை அதுதான். பதினான்கு ஆண்டு கூண்டிலிருந்து பல குஞ்சுகளுக்குத் தாயானது. 2000இல் அதைத் திரும்பக் காட்டில் விட்டார்கள். கூண்டில் பிறந்த இளசுகளுக்குக் காற்றோட்டமும் மலைமடிப்பும் சொல்லிக்கொடுக்கப் பழைய காட்டை அறிந்த ஒரு கிழவி வேண்டாமா? இரண்டே ஆண்டில் ரத்தத்தில் ஈயம் தலைக்கேறிச் சாகக் கிடந்தது. பிடித்து லாஸ் ஏஞ்சலிஸ் பூங்காவில் வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்து மறுபடி விட்டார்கள். 2003 பிப்ரவரியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வந்த ஒருவர் மரத்தில் அமர்ந்திருந்த அதை நேராகவே சுட்டுவிட்டார். முதல்முறை சாகக் கிடந்தபோது யாரும் அதைக் குறிவைக்கவில்லை. வேறு எதையோ குறிவைத்த குண்டின் மிச்சம்தான் அதன் வயிற்றுக்குள் போயிருந்தது.

காட்டிலிருக்கும் காண்டோர்களை வழக்கமாகப் பிடித்துச் சோதிக்கிறார்கள். நடைமுறை இப்படி: பெரிய கூண்டுக்குள் செத்த கன்றைப் போட்டு உள்ளே வரவைப்பார்கள். ஒருவர் அலகையும் கழுத்தையும், இன்னொருவர் உடம்பையும் கால்களையும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் கால் ரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார். கையடக்கக் கருவியொன்றில் அதன் துளியை விட்டால் மூன்று நிமிடத்தில் எண் வரும். அந்தக் கருவி குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பார்க்க உருவானது. குழந்தைக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். கருவி 65 வரைதான் எண்ணும். அதற்கு மேல் போனால் எண் வராது, ‘அதிகம்’ என்ற ஒற்றைச் சொல்தான் திரையில் வரும். மலைச்சரிவில் முழங்காலிட்டு, பறவையின் இதயத் துடிப்பைக் கைக்குள் உணர்ந்துகொண்டு அந்தச் சொல்லை வாசிக்க நேர்ந்த களப்பணியாளர்கள் பலர்.

‘அதிகம்’ என்று வந்தால் பறவையை மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். ஈயத்தைக் கவ்விக்கொண்டு சிறுநீரோடு வெளியேற்றும் மருந்தை நாள்கணக்கில் ஊசியாகப் போடுவார்கள். தேறினால் அதே காட்டில், அதே குடல் குவியல்களுக்கு நடுவில் திரும்ப விடுவார்கள். கலிபோர்னியா பறவைகளைப் பற்றி 2012இல் வெளிவந்த விரிவான ஆய்வு, ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பறவைக்கு இப்படிச் சிகிச்சை தேவைப்படும் அளவு ஈயம் ஏறுகிறது என்றது. ஊற்றுவதை நிறுத்தினால் பானை வற்றிவிடும், ஓட்டையை அடைக்காமல் காண்டோருக்கு உண்மையான மீட்சி இல்லை என்பதே அதன் முடிவு.

அது தோட்டாவிலிருந்து வந்த ஈயம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், பழைய சுரங்கத்திலிருந்தோ பெயின்டிலிருந்தோ வந்திருக்கலாமே என்று துப்பாக்கிச் சங்கங்கள் கேட்டன. நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில்தான் இந்த விவகாரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த அறிவியல்.

ஈயம் எல்லாம் ஒரே ஈயமல்ல. எடையில் சற்றே வேறுபடும் நான்கு வகை ஈய அணுக்கள் உண்டு: 204, 206, 207, 208. இவற்றில் 206உம் 207உம் யுரேனியத்தின் இருவேறு வகைகள் சிதைவதால் சேர்பவை, 208 தோரியம் சிதைவதால் சேர்வது. ஒரு தாதுப் படுகை எந்தக் காலத்தில், எந்தப் பாறையில் உருவானது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் மாறும். ஆகவே ஒவ்வோர் ஈயத்திலும் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்ற கைரேகை இருக்கிறது. அதே கலிபோர்னியாவில் பணியாற்றிய கிளேர் பேட்டர்சன் இந்த விகிதத்தை வைத்துத்தான் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956இல் கணக்கிட்டார். பின்னர் பெட்ரோலில் கலந்த ஈயத்துக்கு எதிராக ஆயுள் முழுக்கப் போராடியவரும் அவரே. இந்தியாவில் 2000இல் ஈயமில்லா பெட்ரோல் வந்ததற்குப் பின்னால் உலகெங்கும் நடந்த அப்படிப்பட்ட போராட்டங்கள் இருக்கின்றன.

சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கைரேகையைக் காண்டோரிடம் தேடினார்கள். இன்னும் காட்டில் விடாத கூண்டுப் பறவைகளின் ரத்தத்தில் சிறிதளவே ஈயம், அதன் கைரேகை கலிபோர்னியாவின் பொதுவான சூழலோடு ஒத்துப்போனது. காட்டில் பறப்பவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏற ஏற, கைரேகை கடையில் விற்கும் தோட்டாக்களின் பக்கம் நகர்ந்தது. பிறகு இறகைப் படித்தார்கள். காண்டோரின் பெரிய இறகு முழுதாக வளர மாதக்கணக்கில் ஆகும், வளரும் ஒவ்வொரு நாளும் ரத்தத்தில் இருந்தது அதில் பதிவாகும். இறகை நுனியிலிருந்து அடிவரை சிறுசிறு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், அந்தப் பறவை எப்போது நஞ்சைத் தின்றது, எத்தனை நாள் அவதிப்பட்டது என்று நாட்குறிப்பு வாசிப்பதுபோல வாசிக்கலாம். நேர்மையாக இன்னொன்றையும் சொன்னார்கள். சில பறவைகளின் ஈயம் தோட்டாவோடு பொருந்தவில்லை, ஒரு பழைய தீக்கண்காணிப்புக் கோபுரத்தில் உரிந்து கிடந்த பெயின்டோடு பொருந்தியது. கேட்ட கேள்விக்கு அறிவியல் முகத்தாட்சண்யம் பார்க்காமல் பதில் சொன்னதால்தான் மற்ற முடிவுகளையும் நம்ப முடிகிறது.

ஈயத் தோட்டாவுக்குத் தடை என்பது காண்டோரிடமிருந்து தொடங்கவில்லை. முதலில் வாத்துகள்தான். நீர்நிலைகளில் வாத்து சுடும்போது ஒவ்வொரு வெடிக்கும் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள் சேற்றில் விழுகின்றன. வாத்துக்கு இரையை அரைக்கப் பல் இல்லை, பொடிக்கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்ளும். ஈய ரவையும் கல்லும் அதற்கு ஒன்றுபோலத்தான். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை நாடு முழுக்கத் தடைசெய்தது, எஃகு ரவை வந்தது. 1997ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் இதனால் பிழைத்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். டென்மார்க் 1996லேயே எல்லா வேட்டைக்கும் ஈய ரவையை விலக்கியது, 2024இல் ரைஃபிள் குண்டுகளையும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் ஈய ரவைக்குத் தடை போட்டது.

கலிபோர்னியா 2008 ஜூலையில் காண்டோர் பறக்கும் பகுதிகளில் மான், பன்றி போன்ற பெரிய விலங்கு வேட்டைக்கு ஈயக்குண்டைத் தடைசெய்தது. ஓராண்டுக்குள் அப்பகுதியின் பொன்னிறக் கழுகுகளிடமும் வான்கோழிப் பாறுகளிடமும் ஈயம் குறைந்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்து, 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும், எந்தக் காட்டுயிரைச் சுட்டாலும் ஈயம் கூடாது என்றானது. இருந்தும் காண்டோரின் ரத்தம் எதிர்பார்த்தபடி தெளியவில்லை. அது ஒரே நாளில் நூறு மைலுக்கு மேல் பறக்கும். தவிர, காட்டில் நீண்ட நாள் வாழ்ந்த பறவை மனிதர் வைக்கும் சுத்தமான கன்றுகளை விட்டு விலகித் தானே இரை தேடும். தேர்ந்த பறவையாக ஆக ஆக ஆபத்து கூடுகிறது. பண்ணையில் அணில் சுடுகிற சிறு துப்பாக்கிக்கு ஈயமில்லாத தோட்டா பல கடைகளில் கிடைப்பதே அரிதாக இருந்தது. சட்டம் சொன்னதைக் கடை அலமாரி கேட்கவில்லை என்றால், வாங்க வந்தவர் என்ன செய்வார்?

அரிசோனா வேறு வழியில் போனது. சட்டம் போடவில்லை. 2005 முதல் கைபாபில் அனுமதிச் சீட்டு கிடைத்த வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. ஈயத்தால் சுட்டவர் குடல் குவியலை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தால் பரிசுக் குலுக்கலில் சேர்த்தது. பத்தில் எட்டு, ஒன்பது பேர் ஒத்துழைத்தார்கள். அடம்பிடிப்பவர்கள் என்று நாம் நினைக்கும் கூட்டம் அல்ல அது.

வேட்டைக்காரரை வில்லனாக்கினால் காண்டோர் பிழைக்காது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கு அந்த மலைகளில் காண்டோருக்குப் படியளப்பவர்களில் வேட்டைக்காரரும் ஒருவர். அவர் விட்டுச்செல்லும் குடல் குவியல் நின்றால் பறவை பட்டினி கிடக்கும். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத்தான் போகிறது. கேட்பது ஒன்றுதான்: குவியல் அங்கேயே இருக்கட்டும், அதிலுள்ள உலோகத்தை மாற்றுங்கள். முழுச் செம்பாலான குண்டுகள் 1980களின் இறுதியிலேயே சந்தைக்கு வந்தவை. எந்தப் பறவைக்காகவும் வரவில்லை, ஆழமாகத் துளைக்கும், உடையாது என்பதற்காக வேட்டைக்காரர்களே விரும்பி வாங்கினார்கள். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் குண்டு சற்று நீளமாக இருக்கும், துப்பாக்கியைப் புதிதாகக் குறிபார்த்துப் பழக வேண்டும். விலையும் பல நேரம் கூடுதல். இவை உண்மையான சிரமங்கள், தீர்க்கக்கூடியவையும்கூட.

ஆனால் விருப்பத்துக்கு விட்டால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். பிரிட்டனில் 2020இல் ஒன்பது வேட்டை, கிராமப்புற அமைப்புகள் ஐந்தாண்டில் ஈய ரவையைத் தாங்களாகவே விட்டுவிடுவதாக அறிவித்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒவ்வொரு பருவத்திலும் கடைகளில் ஃபெசன்ட் கோழிகளை வாங்கி, உடலில் சிக்கிய ரவையை எடுத்துச் சோதித்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு, பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஈயம்தான். கடைசியில் 2025 ஜூலையில் அரசாங்கமே தடையை அறிவிக்க வேண்டியதாயிற்று. அரிசோனாவில் வெற்றி கிடைத்தது என்றால், இலவசத் தோட்டாவும் எடுத்துச் சொல்லும் ஆட்களும் இருந்ததால். அதெல்லாம் இல்லாத இடத்தில் சட்டம்தான் தொழிற்சாலைக்கும் கடைக்கும் தைரியம் கொடுக்கும்.

பறவைக்காக மனம் இளகாதவர்கள் தட்டைப் பார்க்கட்டும். 2008இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான்கறிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் ஸ்கேன் எடுத்தார். அவரும் வேட்டைக்காரரே. பல பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள் தெரிந்தன. உணவு வங்கிகளிடம் அந்த இறைச்சியை எறிந்துவிடச் சொன்னது அரசு. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், முப்பது மான்களின் கறியைக் கடையில் கொடுத்துக் கொத்தி வாங்கி எக்ஸ்ரே எடுத்தபோது, 234 பொட்டலங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் துணுக்குகள் இருந்தன. அந்தக் கறியைத் தின்ற பன்றிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. காண்டோர் தின்பதும் வேட்டைக்காரரின் பிள்ளை தின்பதும் ஒரே மான்.

நமக்கு இந்தக் கதை புதிதல்ல. மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் துடைத்தெடுத்தது நம் துணைக்கண்டத்தில்தான். பாகிஸ்தானில் அந்த மர்மத்தை அவிழ்த்து 2004இல் உலகுக்குச் சொன்ன ஆய்வின் பின்னால் இருந்தது தி பெரிக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பு. அரிசோனாவில் காண்டோர்களைப் பராமரிப்பதும் அதே அமைப்புதான். இந்தியா 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது, மாற்றாக மெலாக்சிகாம் வந்தது. மாட்டுக்கு வைத்தியம் நிற்கவில்லை, மருந்துதான் மாறியது. நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் இன்றும் வட்டமிடும் சில நூறு பாறுகளை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், செம்புக் குண்டும் மெலாக்சிகாமும் எனக்கு ஒரே பொருளாகத் தோன்றும்.

வடக்குக் கலிபோர்னியாவில் கிளாமத் ஆற்றங்கரையில் யூரோக் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். காண்டோரின் இறகு அவர்களுடைய சடங்குகளில் உண்டு. நூறாண்டுக்கு மேலாக அவர்கள் வானத்தில் அந்தப் பறவை இல்லை. திரும்பக் கொண்டுவர 2008இல் வேலையைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பாறுகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்தார்கள், வேட்டைக்காரர்களிடம் போய்ப் பேசினார்கள். அவர்களிலும் பலர் வேட்டைக்காரர்களே. பதினான்கு ஆண்டு கழித்து, 2022 மே 3 அன்று முதல் இரண்டு காண்டோர்கள் கூண்டுக் கதவைத் தாண்டி ரெட்வுட் மரங்களுக்கு மேல் எழுந்தன. பிறகு ஆண்டுதோறும் இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் யூரோக் மொழியில் ஒரு பெயர் வைத்தார்கள்.

2025 ஜனவரியில் அந்தக் கூட்டத்தில் முதல் சாவு. பரிசோதித்ததில் காரணம் ஈய நஞ்சு. நல்ல குணமுள்ளவன், நண்பன் என்று பொருள்படும் பெயர் அந்தப் பறவைக்கு. அறுபது ஆண்டு வாழக்கூடிய அதற்கு அப்போது வயது ஒன்றரை.